போஞ்சி அடித்தண்டு அழுகல்: சூடோமோனாஸ் எப்போது போடுவது?

அண்ணே, வெலிமடையில் போஞ்சி முளைத்து இரண்டு இலை விட்டதும் சாய்கிறது, சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பக்டீரியாவை ஊற்றினால் தப்புமா என்று கேட்டிருந்தீர்கள். சாய்ந்தது தப்பாது, பிடுங்கி எரியுங்கள். அடித்தண்டில் செம்பழுப்பாகக் குழிவிழுந்த புண் என்றால் அநேகமாக ரைசொக்டோனியா என்ற மண் பூஞ்சணம். சூடோமோனாஸ் அந்தப் பூஞ்சணத்துக்கு முந்தி வேரைப் பிடித்தால்தான் வேலை செய்யும். மண்ணிலுள்ள இரும்பைப் பூஞ்சணத்துக்கு விடாமல் தானே இழுத்துக்கொள்ளும், பூஞ்சணத்தை அடக்கும் பொருளையும் சுரக்கும்.

அடுத்த போகத்தில் ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் தூள் போட்டு, ஆறின சோற்றுக்கஞ்சி கொஞ்சம் தெளித்துப் பிரட்டி, நிழலில் உலர்த்தி அன்றே ஊன்றுங்கள். செம்பு மருந்தோடு மட்டும் கலக்காதீர்கள், பக்டீரியாவும் செத்துவிடும். தண்ணீர் நிற்கிற பாத்தியில் எந்தத் தூளும் எடுபடாது, முதலில் கானை ஆழமாக வெட்டுங்கள். போன போகமும் அதே பாத்தியில் போஞ்சிதானா?