வட ஆப்பிரிக்க நகரங்களைப் பற்றிய பழைய பயணப் படங்களை இன்றைக்குப் பார்ப்பதில் பயன் உண்டா?

உண்டு, தாராளமாகப் பாருங்கள். ஆனால் பின்னணிக் குரல் உள்ள படமாக இருந்தால் முதல் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். 1930 முதல் ஹாலிவுட் நிறுவனமான எம்ஜிஎம் வெளியிட்ட டிராவல்டாக்ஸ் மாதிரிப் பயணப்படத் தொடர்களில் எந்த ஊருக்குப் போனாலும் பெரும்பாலும் பழமை, மர்மம், அழகு என்று ஒரே பல்லவிதான், அந்த ஊரை ஆள்வது யார் என்ற பேச்சே வராது.

அல்ஜீரியாவின் தலைநகர் அல்ஜியர்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய படங்களில் அடிக்கடி வரும் இடம் அரசாங்கச் சதுக்கம்: நடுவில் குதிரைமேல் பிரெஞ்சு இளவரசர் ஆர்லியன்ஸ் கோமகன் சிலை, பக்கத்தில் வெள்ளை மசூதி. பார்க்க அம்சமாக இருக்கும். 1830-ல் ஊரைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் கஸ்பா என்ற பழைய நகரத்தின் கீழ்ப்பகுதியிலிருந்த வீடுகளையும் மசூதிகளையும் இடித்துத்தான் அந்த வெட்டவெளியை உண்டாக்கினார்கள் என்று தெரிந்தபின் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. விடுதலைக்குப் பிறகு சிலை பிரான்சுக்கே போய்விட்டது, சதுக்கத்துக்கு இப்போது தியாகிகள் சதுக்கம் என்று பெயர்.

எனக்கு ரொம்பப் பிடித்தவை இன்னும் பழையவை. சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் அனுப்பிய அலெக்சாந்தர் புரோமியோ 1897-ல் கெய்ரோவில் எடுத்த படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூட ஓடாது, குரலும் கிடையாது, கஸ்ர் அல் நீல் பாலத்தின் முனையில் கேமராவை நிறுத்திக் கைப்பிடியைச் சுற்றியிருக்கிறார், அவ்வளவுதான். ஒரு படத்தில் பாலத்திலிருந்து ஒட்டகங்கள் வருகின்றன, இன்னொன்றில் கழுதைகள். அந்தப் பாலம் இப்போது இல்லை, அங்கே இருப்பது 1933-ல் திறந்தது. பழைய பாலத்தின் வெண்கலச் சிங்கங்கள் மட்டும் இன்னும் நிற்கின்றன, 2011 ஜனவரியில் அரசை எதிர்த்துத் தஹ்ரீர் சதுக்கத்தை நோக்கிப் போன கூட்டம் போலீசோடு மோதியதும் அந்தச் சிங்கங்களுக்கு நடுவேதான்.

அப்புறம் ஒன்று. ஊமைப் படங்களில் ஆட்கள் ஓட்டமும் நடையுமாகத் தெரிந்தால் அவர்கள்மேல் தப்பில்லை. நொடிக்கு 16, 18 ஃபிரேம்களாக (தனித்தனிப் படங்களாக) எடுத்ததை 24-ல் ஓட்டுவதால் வரும் கோளாறு அது. யூடியூபில் வேகத்தை 0.75-க்குக் குறைத்தால் சாதாரணமாக நடப்பார்கள், முகங்களும் பிடிபடும்.

எங்கே தொடங்குவது என்றால், பழைய செய்திப்படக் காப்பகமான பிரிட்டிஷ் பாத்தே 2014-ல் சுமார் 85,000 படங்களை யூடியூபில் ஏற்றியது, அதில் நகரத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். மொராக்கோ வேண்டுமென்றால் பாரிஸ் வங்கியாளர் ஆல்பர்ட் கான் சொந்தப் பணத்தில் சேர்த்த தொகுப்பு இருக்கிறது, 1912–13-ல் ஃபெஸ், மராகேஷ் நகரங்களில் எடுத்த வண்ணப் புகைப்படங்களும் அதில் உண்டு.