முதல் கேமிங் பிசி: எது எதோடு சேரும்?

முதல் முறையாகத் தங்கள் கையாலேயே கேமிங் பிசி அசெம்பிள் செய்யப் போகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பத்து வருடமாக எனக்கும் நண்பர்களுக்கும் அசெம்பிள் செய்து பழகியதை வைத்துப் பதில் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பார்ட் இன்னொன்றில் உட்காருவது வேறு, உட்கார்ந்த பிறகு முழு வேகத்தில் ஓடுவது வேறு. இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

அண்ணா, பட்ஜெட் 60 ஆயிரம். முதலில் முடிவு செய்ய வேண்டியது ப்ராசஸரா, கிராபிக்ஸ் கார்டா? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

இரண்டும் இல்லை தம்பி, மானிட்டர். 1080பி திரையில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (ஒரு படத்துக்கு) கார்டு வரைய வேண்டியது சுமார் 21 லட்சம் பிக்சல், அதாவது புள்ளிகள். 1440பி என்றால் கிட்டத்தட்ட 37 லட்சம், 4கே என்றால் 83 லட்சம். எவ்வளவு பெரிய கார்டு வேண்டும் என்பது இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. உங்கள் பட்ஜெட்டுக்கு 1080பி போதும். வேலரன்ட் மாதிரி வேகமான ஷூட்டிங் கேம்தான் ஆடுவீர்கள் என்றால் 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறும்) மானிட்டராகப் பாருங்கள். அந்த வகை கேம் ப்ராசஸரையும் நன்றாக வேலை வாங்கும். கதை சொல்லும் பெரிய கேம்கள் என்றால் பணம் கார்டுக்குப் போகட்டும்.

அப்புறம் வரிசை தானாக வந்துவிடும். மானிட்டருக்கு ஏற்ற கார்டு, கார்டுக்கு ஏற்ற ப்ராசஸர், அதன் சாக்கெட்டுக்கு (ப்ராசஸர் உட்காரும் இடத்துக்கு) ஏற்ற போர்டு (மதர்போர்டு), அந்த போர்டு கேட்கிற ராம், எல்லாவற்றுக்கும் தீனி போடும் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), கடைசியில் கேபினட். கலர் லைட்டுக்கு ஆசைப்பட்டு கேபினட்டை முதலில் வாங்கிவிட்டு, கார்டுக்குப் பணம் போதாமல் நிற்கிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

நண்பன் பழைய பி450 போர்டைச் சும்மா தருகிறான். அதில் ரைசன் 5 7600 போடலாமா? (சேலம்)

போட முடியாது. பி450 ஏஎம்4 சாக்கெட் போர்டு, 7600 ஏஎம்5 ப்ராசஸர். ஏஎம்4-இல் 1331 பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கும். ஏஎம்5-இல் 1718 பின்கள் போர்டு பக்கம் இருக்கும். எந்த பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட்டும் இதை மாற்றாது. ஏஎம்5 டிடிஆர்5 ராம் (டிடிஆர்4-க்கு அடுத்த தலைமுறை) மட்டும்தான் எடுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் போர்டு சும்மா கிடைக்கிறது என்றால் விடாதீர்கள். ரைசன் 5 5600 அதில் அருமையாக ஓடும். ஒரே ஒரு நிபந்தனை பயாஸ். பி450 போர்டுகள் 2018-இல் வந்தவை, ரைசன் 5000 வரிசை 2020 நவம்பரில்தான் வந்தது. பழைய பயாஸோடு இருந்தால் ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. போர்டு கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு. நண்பன் பழைய ப்ராசஸரைக் கழற்றுவதற்கு முன்பே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள், வேலை சுலபம். அதைக் கழற்றும்போது கூலரை நேராக இழுக்காமல் மெதுவாகத் திருகி எடுங்கள். கூலருக்கும் ப்ராசஸருக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்திருந்தால் ப்ராசஸரும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வந்து பின் வளைந்துவிடும்.

ஐ5-12400எஃப் எடுத்துவிட்டேன். போர்டில் டிடிஆர்4, டிடிஆர்5 என்று இரண்டு விதம் காட்டுகிறார்கள். எது? (ஈரோடு)

உங்கள் ப்ராசஸர் இரண்டையும் ஏற்கும், ஆனால் போர்டு ஒன்றைத்தான் ஏற்கும். இரண்டு ராமுக்கும் 288 பின்தான். நடுவில் இருக்கும் வெட்டு மட்டும் வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிச் செருக முடியாது, வலுக்கட்டாயமாக அழுத்தாதீர்கள். கையில் பழைய டிடிஆர்4 இருந்தால் அந்த போர்டு. இல்லையென்றால் ராமும் போர்டும் சேர்ந்த விலையை ஒப்பிட்டு எடுங்கள்.

பெயரின் கடைசியில் இருக்கும் அந்த 'எஃப்' முக்கியம். அதில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு வாங்குவதற்கு முன்னால் ஆன் செய்து பார்க்கலாம் என்று நினைத்தால் திரை கறுப்பாகவே இருக்கும்.

கேபினட்டோடு 450 வாட் எஸ்எம்பிஎஸ் சேர்த்துத் தருகிறார்கள். ஆர்டிஎக்ஸ் 4060-க்குப் போதுமா? (மதுரை)

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

காகிதத்தில் பார்த்தால் போதும் போலத் தெரியும். 4060 எடுப்பது 115 வாட், ஐ5-12400எஃப் மாதிரி ஒரு ப்ராசஸர் அதிகபட்சம் 117. போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்தாலும் 300-ஐத் தொடாது. ஆனாலும் என்விடியா இந்தக் கார்டுக்கு 550 வாட் சப்ளை வைக்கச் சொல்கிறது. கார்டு இழுக்கும் மின்சாரம் ஒரே சீராக இருக்காது, கண் இமைக்கும் நேரத்தில் எகிறி இறங்கும். அந்த எகிறலைத் தாங்காத சப்ளை கேம் நடுவே அணைந்துவிடும்.

அடுத்தது, ஸ்டிக்கரில் பெரிதாக எழுதிய 450-ஐ நம்பாதீர்கள். பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கும். அதில் 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். 20 ஆம்பியர் என்றால் 240 வாட். கார்டும் ப்ராசஸரும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டில்தான். அப்படியென்றால் அது பெயருக்கு 450, உங்களுக்கு 240. '80 பிளஸ்' முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் இருக்கிறது என்பதைச் சொல்லும், உள்ளே பாதுகாப்பு சர்க்யூட் எப்படி என்பதைச் சொல்லாது. இருந்தாலும் முத்திரையே இல்லாததை வாங்கவே வேண்டாம்.

என் இரண்டாவது பிசியில் கேபினட்டோடு இலவசமாக வந்த ஒன்றைத்தான் போட்டேன். ஒரு மே மாத மத்தியானம் 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய வாடை. சப்ளை போனதோடு போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. அன்றிலிருந்து யாருக்கு லிஸ்ட் போட்டாலும் எஸ்எம்பிஎஸ்ஸில் கை வைத்துப் பணத்தைக் குறைக்க நான் விடுவதில்லை.

கேபிள் விஷயத்திலும் இரண்டு எச்சரிக்கை. ப்ராசஸருக்கான 8 பின்னும் கார்டுக்கான 8 பின்னும் ஒன்றல்ல. மாடுலர் கேபிளை (சப்ளையிலிருந்து தனியே கழற்றக்கூடியதை) ஒரு கம்பெனி சப்ளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் போடவே கூடாது. சப்ளை பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது, செருகும்போது சரியாகவே உட்காரும், ஆன் செய்தால் எஸ்எஸ்டி எரிந்துவிடும்.

வீட்டில் 600 விஏ யூபிஎஸ் இருக்கிறது. அதிலேயே ஓட்டலாமா? (தஞ்சாவூர்)

விஏ-வைப் பார்க்காதீர்கள், வாட்டைப் பாருங்கள். 600 விஏ என்று போட்ட பல யூபிஎஸ்கள் 360 வாட்தான் தரும். மானிட்டரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், கேம் ஓடும்போது கரண்ட் போனால் தாங்குவது சந்தேகம்தான். அதோடு, சுவர் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால் எர்த் இல்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

பி450 போர்டில் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போடலாம் என்று கடையில் சொன்னார்கள். ஸ்லாட் சரியாகத்தானே இருக்கிறது? (வேலூர்)

உட்காரும். ஆனால் நான் ஆரம்பத்தில் சொன்ன வித்தியாசம் இங்கேதான் வருகிறது. அந்தக் கார்டு ஸ்லாட்டில் டேட்டா போய்வரும் 16 பாதைகளில் 4-ஐத்தான் பயன்படுத்துகிறது, அதுவும் பிசிஐஇ 4.0 என்ற ஸ்லாட் தலைமுறையின் வேகத்தை நம்பி. பி450 தருவது 3.0, அதாவது பாதி வேகம். கார்டில் மெமரியும் 4 ஜிபிதான். அது நிரம்பியதும் அந்தக் குறுகிய பாதை வழியாக ராமுக்கும் கார்டுக்கும் அலைய வேண்டியிருப்பதால் கேம் விக்கி விக்கி ஓடும். கொஞ்சம் பணம் சேர்த்து ஆர்எக்ஸ் 6600-க்குப் போங்கள். 8 ஜிபி, 8 பாதை. உங்கள் போர்டில் நிம்மதியாக ஓடும்.

கேபினட் எப்படிப் பார்ப்பது? (சென்னை)

மூன்று அளவு. போர்டு சைஸ்: ஏடிஎக்ஸ் 305க்கு 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244. கார்டின் நீளம்: மூன்று ஃபேன் கார்டுகளில் பல 300 மி.மீ.யை நெருங்கும், முன்பக்கம் ரேடியேட்டர் (லிக்விட் கூலரின் பாகம்) வைத்தால் இருக்கிற இடமும் குறையும். கூலரின் உயரம்: 120 மி.மீ. ஃபேன் வைத்த டவர் கூலர்கள் 155 மி.மீ. அளவில் இருக்கும். இதெல்லாம் கேபினட் விவரத்தில் எழுதியிருக்கும்.

நம் ஊர் வெயிலுக்கு முன்பக்கம் வலை வைத்ததாக எடுங்கள். முழுக் கண்ணாடி முகப்பு பார்க்க அழகுதான், ஆனால் காற்று எங்கிருந்து வரும்?

8 ஜிபி ராம் இப்போது ஒன்று, அப்புறம் ஒன்று வாங்கலாமா? (நாகர்கோவில்)

முடிந்தால் இரண்டையும் ஒரே செட்டாக வாங்குங்கள். ஒன்று மட்டும் இருந்தால் சிங்கிள் சேனல் (டேட்டா ஒரே வழியில் போகும்), பல கேம்களில் எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் ஃப்ரேம்) குறைவது கண்ணுக்கே தெரியும். நாலு ஸ்லாட் போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணி 2-ஆவதிலும் 4-ஆவதிலும் போடுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்ய மறக்காதீர்கள். இல்லையென்றால் 3200-க்குக் காசு கொடுத்துவிட்டு 2133-இல் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

தம்பி, பையன் வீட்டிலேயே அசெம்பிள் செய்கிறேன் என்கிறான். ஷாக் அடிக்குமா? பயமாக இருக்கிறது. (ஒரு அம்மா, திருச்சி)

பயப்படாதீர்கள் அம்மா. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் எல்லா வேலையும் நடக்கும். ஓடும்போதுகூட போர்டுக்கு வருவது அதிகபட்சம் 12 வோல்ட்தான். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அவன் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். மற்றபடி செய்யட்டும், நல்ல வேலைதான் கற்றுக்கொள்கிறான்.

எல்லாம் மாட்டிவிட்டேன் அண்ணா. ஏஎம்5 போர்டு, டிடிஆர்5 ராம். ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை. (கோவை)

மானிட்டர் கேபிள் போர்டில் இருக்கிறதா, கார்டில் இருக்கிறதா என்று பாருங்கள், கார்டில்தான் இருக்க வேண்டும். ப்ராசஸரின் 8 பின் கேபிள் மாட்டியிருக்கிறதா? ராம் இரண்டு பக்கமும் 'கிளிக்' ஆனதா? எல்லாம் சரி என்றால் ஒன்றும் செய்யாமல் காத்திருங்கள். இந்த போர்டுகள் முதல் முறை ஆன் ஆகும்போது ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும், அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். பயந்து பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால் ஒரே ஒரு ராமை மட்டும் விட்டு முயன்று பாருங்கள்.