கடைசி நாள் ஆபரேஷனுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: நான் அறுவை சிகிச்சை நிபுணர். வெளிநாட்டில் நடக்கும் 10 நாள் இலவச ஹெர்னியா (குடலிறக்கம்) முகாமுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். கடைசி நாளும் மதியம்வரை ஆபரேஷன் செய்துவிட்டு இரவு விமானம் ஏறுவோம். கைக்குழந்தையோடு இருக்கும் மனைவி போக வேண்டாம் என்கிறார். குடும்பமா, சேவையா?

பதில்: டிக்கெட் போட்டுவிட்டு மனைவியின் சம்மதம் கேட்பது என்ன நியாயம்? அம்மாவோ மாமியாரோ கூட வந்து இருக்கட்டும். யாரும் வர முடியாதென்றால் நீங்கள் போகக் கூடாது.

ஆனால் எனக்கு உறுத்துவது அந்த 'கடைசி நாளும் மதியம்வரை'தான். முதுகில் மயக்க ஊசி போட்டவருக்கு அன்றிரவே சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். விதைப்பையில் ரத்தம் கட்டுவது முதல் ஓரிரு நாளில் தெரியும். சீழோ பெரும்பாலும் ஒரு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். குடல் மறுபடி பிதுங்காமல் இருக்க மெஷ் என்ற வலை வைத்த இடத்தை 90 நாள் கண்காணிப்பது தொற்றுத் தடுப்பில் வழக்கம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சீழ் பிடித்த மெஷ்ஷை எடுப்பது வைப்பதைவிடக் கடினம். எந்த மெஷ், எப்படித் தைத்தது என்றே தெரியாத ஒருவர் தலையில் அதைக் கட்டிவிட்டு வருவீர்களா? உங்கள் மாமனாருக்குக் கத்தி வைத்த டாக்டர் அன்றிரவே நாட்டைவிட்டுக் கிளம்பினால் சும்மா இருப்பீர்களா? இலவசத்துக்கு வந்தவர் வாய் திறக்க மாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். 'இன்றிரவு நான் போய்விடுவேன்' என்று சொல்லிவிட்டு அவரிடம் கையெழுத்து வாங்கிப் பாருங்கள்.

ஏழாம் நாளோடு ஹெர்னியாவை நிறுத்துங்கள். மிச்ச நாள் கட்டுப் பிரிக்க, டியூப் எடுக்க, வீங்கியவரைத் திரும்பப் பார்க்க. கை பரபரத்தால் அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு எடுக்கக்கூடிய சின்னக் கொழுப்புக் கட்டிகளை எடுங்கள். குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவர் குழுவில் இல்லையென்றால் குழந்தைகளைத் தொடவே வேண்டாம். உள்ளூர் சர்ஜன் முதல் நாளிலிருந்தே உங்களோடு டேபிளில் நிற்கட்டும்; பிறகு பார்க்கப்போவது அவர்தான். எந்தப் பக்கம், எந்த மெஷ், என்ன மருந்து, எதைக் கண்டால் ஓடிவர வேண்டும் என்று உள்ளூர் மொழியில் இரண்டு பிரதி எழுதி, ஒன்றை நோயாளியிடமும் மற்றதை ஆஸ்பத்திரியிலும் கொடுங்கள். திரும்பி வர பஸ் காசும் கொடுங்கள். காசில்லாமலே வராமல் போகிறவர்களும் உண்டு.

அமைப்பாளர்களுக்கு எண்ணிக்கைதான் முக்கியம், முணுமுணுப்பார்கள். 11-ஆம் நாள் காலையில் ரவுண்ட்ஸ் போகப்போகும் டாக்டரின் பெயரையும் போன் நம்பரையும் இன்றே அவர்களிடம் கேளுங்கள். தரவில்லையென்றால் டிக்கெட்டை ரத்து செய்யுங்கள்.