சுவாசப்பைக்குள் போகும் பங்கசு மூளையை எப்படிப் பாதிக்கிறது?

கிரிப்டோகொக்கஸ் என்ற பங்கசு, காய்ந்த புறா எச்சத் தூசியோடு சுவாசப்பைக்குள் போகிறது. வெள்ளவத்தைத் தொடர்மாடி பல்கனியிலும் அது இருக்கலாம். பெரும்பாலானோருக்கு அங்கேயே அடங்கிவிடும். எச்.ஐ.வி., நீண்டகால ஸ்டீரொய்ட் போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களில் இரத்தம் வழியாக மூளையுறைக்கு ஏறும். தன்னை விழுங்கிய வெள்ளணுவுக்குள்ளேயே உயிரோடிருந்து மூளையின் காவலைத் தாண்டுவதும் உண்டு, பொலிஸ் ஜீப்பில் ஒளிந்து சோதனைச்சாவடி கடக்கும் கள்ளன் மாதிரி.

அங்கே பங்கசின் வழவழப்பான உறை மூளைநீர் வடியும் வழியை அடைக்க, அமுக்கம் ஏறும். வாரக்கணக்கில் தலையிடி, வாந்தி, பார்வை மங்கல். கழுத்து விறைக்காமலும் இருக்கலாம். பலர் வைத்தியரிடம் பிந்திப்போவது இதனால்தான். முதுகில் ஊசி ஏற்றி அளக்கும் அமுக்கம் 25 சென்ரிமீற்றர் நீருயரத்தைத் தாண்டினால் பங்கசுக்கான மருந்தான அம்போடெரிசின் மட்டும் போதாது, மூளைநீரையும் வடிக்க வேண்டும்.

இருமலால் இது மற்றவருக்குத் தொற்றாது. நோயாளியை ஒதுக்கிவைக்கத் தேவையில்லை.