வாங்கும் முன்: டிராயிங் டேப்லெட்டும் போட்டோ எடிட்டிங்கும்

கேள்வி: எனக்கு ஓவியம் வரையத் தெரியாது. போட்டோ எடிட்டிங் மட்டும்தான். விலை குறைந்த டிராயிங் டேப்லெட் வாங்கினால் உதவுமா, மவுஸே போதுமா?

பதில்: டிராயிங் டேப்லெட் என்பது மேசையில் வைத்து, அதற்கான பேனாவால் தடவினால் கணினியில் கோடு விழும் பலகை. வெளிச்சம், நிறம், கிராப் என்று ஸ்லைடரை இழுப்பதோடு உங்கள் வேலை முடிகிறது என்றால் மவுஸே போதும். காசை மிச்சப்படுத்துங்கள். முகத்தில் இருக்கும் பருவை எடுப்பது, தலைமுடி ஓரமாக மாஸ்க் போடுவது (மாற்றம் படக்கூடாத பகுதியை மறைப்பது), கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமையை மெல்ல வெளுப்பது போன்ற வேலைகள் கையால் தடவிச் செய்பவை. அங்கே டேப்லெட்டுக்கு மவுஸ் ஈடாகாது. மவுஸுக்கு அழுத்தம் என்பதே தெரியாது. பட்டனை அமுக்கினால் பிரஷ் முழுசாக விழும், விட்டால் நிற்கும். பேனாவில் லேசாகத் தொட்டால் லேசாகவும், அழுத்தினால் அழுத்தமாகவும் விழும். பிரஷ்ஷின் ஃப்ளோவை, அதாவது நிறம் விழும் வேகத்தை, 5 முதல் 10 சதவீதத்தில் வைத்துக்கொண்டு தடவிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

கண் திரையிலும் கை மேசையிலும் இருப்பதால் முதல் சில நாள் தடுமாற்றம் இருக்கும். அந்த நாட்களில் மவுஸை எட்டாத இடத்தில் வையுங்கள். பலர் இரண்டாம் நாளே டேப்லெட்டை மூலையில் போட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: ஒன்றில் 8192 பிரஷர் லெவல், இன்னொன்றில் 16384. கூடுதல் விலை கொடுத்து இரண்டாவதை வாங்கலாமா?

பதில்: அந்த எண்ணுக்காக என்றால் வேண்டாம். பேனாவின் அழுத்தத்தை எத்தனை படிகளாகப் பிரித்து உணரும் என்பதுதான் பிரஷர் லெவல். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிக் கடிதங்கள் இந்த எண்ணைப் பற்றித்தான் வருகின்றன.

நீங்கள் எடிட் செய்யும் ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள்தான் உண்டு. 2048 லெவல் பேனாக்களை வைத்துக்கொண்டே பல வருடம் தொழில்முறை ரீடச்சிங் நடந்தது. அதற்கு மேல் எண் இரட்டிப்பாவது உங்கள் கைக்குத் தெரியப்போவதில்லை. 5080 எல்பிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை கோடு என்ற நுணுக்கக் கணக்கு) என்று அச்சிடுவதும் இதே கதைதான். ஓர் அங்குலத்துக்கு 2540 கோடு என்ற பழைய கணக்கிலேயே, 6 அங்குல அகலமுள்ள டேப்லெட்டில் 15,240 புள்ளிகள் வந்துவிடும். திரையின் அகலமோ பெரும்பாலும் 1920 பிக்சல்.

கையில் உணரக்கூடிய விஷயம் வேறு. எவ்வளவு லேசாகத் தொட்டதும் கோடு விழ ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். சிலர் அதை 3 கிராம் என்பதுபோலக் குறிப்பிடுவார்கள். மட்டமான பேனாவில் அழுத்திப் பிடித்தால்தான் கோடே வரும், மணிக்கட்டு வலிக்கும்.

பெட்டியின் மேல் அச்சிட வேண்டியதையோ அச்சிடுவதில்லை. டிரைவர் (டேப்லெட்டைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) எந்தெந்த இயங்குதளத்துக்கு இருக்கிறது, எத்தனை வருடம் புதுப்பித்துத் தருவார்கள், பேனா தொலைந்தால் தனியாகக் கிடைக்குமா என்பதை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. நான் முதலில் வாங்கிய டேப்லெட் ஒரு கீறல்கூட இல்லாமல் இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது. கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்த அன்றோடு அதன் வேலை நின்றது. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன், பழைய மாடலுக்கு டிரைவர் தருவதில்லை, புதியது வாங்குங்கள் என்று பதில் வந்தது. நன்றாக இருக்கும் ஒரு கருவியை மென்பொருள் தராமல் குப்பையாக்குவது வாங்கியவருக்குச் செய்யும் அநியாயம். அதனால் பணம் கட்டும் முன் நிறுவனத்தின் டிரைவர் பக்கத்துக்குப் போங்கள். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், நாலைந்து வருடப் பழைய மாடல்களுக்கும் டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நிறுவனத்தை எடைபோட அது போதும்.

கேள்வி: பெரிய சைஸ் வாங்கினால் நல்லதா?

பதில்: போட்டோவுக்குத் தேவையில்லை, சின்னதோ நடுத்தரமோ போதும்.

கேள்வி: ஃபோட்டோஷாப்பில் கோடு விழுகிறது, ஆனால் அழுத்தத்துக்கு ஏற்ப மாறவில்லை. விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கிறார்.

பதில்: பொருள் பழுது என்று முடிவு கட்டும் முன் சிலவற்றைப் பாருங்கள். முன்பு வேறு டேப்லெட் வைத்திருந்தீர்களா? இரண்டு டிரைவர்கள் ஒன்றோடொன்று மோதும். எல்லாவற்றையும் நீக்கி, கணினியை ரீஸ்டார்ட் செய்து, புதிய டிரைவரை மட்டும் போடுங்கள். விண்டோஸ் என்றால் டிரைவர் அமைப்பில் விண்டோஸ் இங்க் (விண்டோஸின் பேனா வசதி) ஆனில் இருக்கட்டும். மேக் என்றால் பிரைவசி அமைப்பில் அக்சஸிபிலிட்டி, இன்புட் மானிட்டரிங் இரண்டிலும் டிரைவருக்கு அனுமதி கொடுங்கள். அப்புறம் பிரஷ் அமைப்பில் பென் பிரஷர் தேர்வு ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அதன் பக்கத்தில் எச்சரிக்கை முக்கோணம் தெரிந்தால் ஃபோட்டோஷாப்புக்குப் பேனா இருப்பதே தெரியவில்லை என்று அர்த்தம்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் வேறொரு கணினியில் மாட்டுங்கள். அங்கேயும் அப்படியே இருந்தால் அதை வீடியோ எடுத்து, எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள். அதற்குப் பிறகு விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: டேப்லெட் வந்தது, அதில் திரையே இல்லை. ஏமாற்றிவிட்டார்கள்.

பதில்: யாரும் ஏமாற்றவில்லை. நீங்கள் அனுப்பிய விளம்பரத்திலேயே “திரை கிடையாது, கணினியுடன் இணைத்துப் பயன்படுத்தவும்” என்று இருக்கிறது. படத்தை மட்டும் பார்த்து வாங்கினால் இப்படித்தான் ஆகும். திருப்பி அனுப்பும் கெடு முடியவில்லை என்றால் இன்றே அனுப்புங்கள், அடுத்த முறை விவரத்தைப் படியுங்கள்.

கேள்வி: திரை உள்ள மலிவு டேப்லெட்டிலேயே நிறத்தையும் சரிசெய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். நான் செய்து கெட்டேன். அப்படி ஒன்றை வாங்கி, நண்பர் வீட்டு விழாப் படங்கள் முழுவதையும் அதிலேயே முடித்தேன். அந்தத் திரை நீலம் பாய்ந்தது. அது புரியாமல் எல்லா முகத்துக்கும் சூடான நிறம் ஏற்றியிருக்கிறேன். பிரிண்ட் வந்தபோது எல்லோரும் செம்மஞ்சளாக இருந்தார்கள். மறுபடி என் செலவில் அச்சிட்டுக் கொடுத்தேன். அதே பணத்தில் திரையில்லாத நல்ல டேப்லெட் ஒன்று வாங்கி, மிச்சத்தை மானிட்டருக்கோ அதை அளந்து சரிசெய்யும் கருவிக்கோ போட்டிருக்கலாம்.

கேள்வி: பழைய டேப்லெட் ஒன்று வாங்கினேன். பேனா வேறு மாடலுடையதாம், வேலை செய்யவில்லை. விற்றவர் போனை எடுக்கவில்லை. சேர்த்து வைத்த பணம்.

பதில்: படித்ததும் வருத்தமாக இருந்தது. உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம், தவறு விற்றவர் மேல்தான். பேனாக்கள் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒரே நிறுவனத்திலேயே ஒரு மாடலின் பேனா இன்னொன்றில் வேலை செய்யாமல் போகும். பேச்சு, விளம்பரம், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வாங்கிய தளத்திலும் பணம் அனுப்பிய சேவையிலும் இன்றே புகார் பதியுங்கள். இதற்கெல்லாம் கெடு உண்டு. பணம் திரும்ப வராவிட்டால், டேப்லெட்டின் பின்பக்கம் உள்ள மாடல் எண்ணை வைத்து அதற்குரிய பேனாவைத் தேடுங்கள். விலை புது டேப்லெட்டை நெருங்கினால் வாங்காதீர்கள்.

பழையது வாங்க நினைக்கும் மற்றவர்களுக்கு: பின்பக்க மாடல் எண்ணும், அதே பேனாவால் மெல்லிசும் தடிமனுமாகக் கோடு விழுவதும் ஒரே வீடியோவில் தெரியும்படி கேளுங்கள். தயங்கினால் விலகிவிடுங்கள்.

கேள்வி: இரண்டே மாதத்தில் பேனாவின் முனை தேய்ந்துவிட்டது. உத்தரவாதத்தில் மாற்றித் தருவார்களா?

பதில்: தரமாட்டார்கள். நிப் தேய்கிற பொருள்தான். பெட்டிக்குள் உதிரி நிப்கள் இருக்கும், சில பெட்டிகளில் அதைப் பிடுங்கும் வளையத்தையும் வைத்திருப்பார்கள். முனை உளிபோல ஒரு பக்கம் கூர்மையானதும் மாற்றிவிடுங்கள், விட்டால் பரப்பைக் கீறிவிடும். இரண்டே மாதம் என்றால் நீங்கள் அதிகமாக அழுத்துகிறீர்கள். டிரைவரில் பிரஷர் வளைவை (எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு கோடு விழும் என்ற அமைப்பை) மென்மைப் பக்கம் நகர்த்துங்கள், அடுத்த நிப் இன்னும் கொஞ்ச நாள் வரும்.