யாஃபா வாசலில் இரண்டு ஹோட்டல்கள்

அன்புள்ள சார்,

எங்கள் சபையில் ஞாயிறுதோறும் எருசலேமின் சமாதானத்துக்காக ஜெபிக்கிறோம். போன மாதம், பெத்லகேமிலும் காசாவிலும் இருக்கிற அரபுக் கிறிஸ்தவர்களுக்காகவும் ஜெபிக்கலாமே என்று கேட்டேன். "சபைக்குள் அரசியல் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். வருத்தமாக இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறதோ என்று தோன்றியது. அந்த மண்ணில் இவ்வளவு ரத்தம் சிந்தியதற்கே மதம்தானே காரணம்? மத நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டு, அரசியல் தலைவர்களைப் பேசி முடிக்க விடுவதுதானே நல்லது?

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் அன்று கேட்டது சரியான கேள்வி. அதற்காகச் சங்கடப்படாதீர்கள்.

மதம்தான் காரணம் என்பதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். இஸ்ரேலை உருவாக்கிய பென் குரியன் தலைமுறையில் பலருக்கு மத ஆசாரங்களில் பிடிப்பு கிடையாது. எதிர்த்துப் போராடிய பாலஸ்தீன இயக்கங்களில் மார்க்சியம் பேசிய ஒன்றைத் தொடங்கிய ஜார்ஜ் ஹபாஷ், லிட்டா ஊர்க் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. சண்டை நிலத்துக்காகத் தொடங்கியது. 1948-இல் ஏழு லட்சத்துக்கும் அதிகமான பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். ஐரோப்பாவில் கொலைமுகாம்களிலிருந்து தப்பிய யூதர்களுக்குத் திரும்பிப் போக வீடே இல்லை. மதம் பின்னால் வந்து இதன் மேல் ஏறி உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகு இறங்கவில்லை.

சரி, ஒதுங்குவது பற்றி. ஒதுங்கி நிற்க அங்கே எந்த மத நிறுவனத்துக்கும் இடம் இல்லை என்பதுதான் என் எண்ணம். ஏன் என்று ஒரு கதையாகவே சொல்கிறேன்.

எருசலேமின் பழைய நகரத்துக்குள் யாஃபா வாசல் வழியாக நுழைந்ததும் ஒரு சின்னச் சதுக்கம் வரும். அங்கே இம்பீரியல், பெட்ரா என்று இரண்டு பழைய ஹோட்டல்கள். கட்டடங்கள் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்குச் சொந்தம். அந்த நாட்டில் மிக அதிக நிலம் வைத்திருக்கும் திருச்சபை அது. இஸ்ரேல் நாடாளுமன்றமே அவர்களிடம் குத்தகைக்கு எடுத்த மண்ணில்தான் நிற்கிறது. அதன் மேல்மட்டத் துறவிகள் பெரும்பாலும் கிரேக்கர்கள். பூசைக்கு வருகிற மக்கள் அரபுகள்.

2000-இல் அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டில் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்தும் இஸ்ரேல் பிரதமர் பராக்கும் பேசினார்கள். பழைய நகரம் யாருக்கு, எந்தப் பகுதி எந்தப் பக்கம் என்பது பேச்சு முட்டி நின்ற இடங்களில் ஒன்று. நாலு வருஷம் கழித்து அந்த இரண்டு ஹோட்டல்களும் நீண்டகாலக் குத்தகையாக, யூதக் குடியேற்றத்துக்காக வேலை செய்யும் அதெரெத் கோஹனிம் அமைப்போடு தொடர்புடைய நிறுவனங்களின் கைக்குப் போயின. 2005-இல் செய்தி வெளியே வந்தது. அரபு ஆர்த்தடாக்ஸ் மக்கள் தெருவில் இறங்கினார்கள். திருச்சபையின் தலைவர், முதுபெரும் தந்தை ஐரேனியோஸ், இதில் தனக்குப் பங்கு உண்டு என்ற குற்றச்சாட்டை மறுத்தார். ஆனாலும் அவருடைய சபை மன்றம் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. அடுத்து வந்த மூன்றாம் தியோஃபிலோஸ் குத்தகையை ரத்து செய்ய வழக்கு நடத்தினார். 2019-இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 2022-இல் பெட்ராவின் ஒரு பகுதிக்குள் குடியேற்றக்காரர்கள் புகுந்துவிட்டார்கள்.

பாருங்கள், இதில் ஒரு பிரசங்கம் இல்லை, ஓர் அறிக்கை இல்லை. "சபைக்குள் அரசியல் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே செய்திருக்கக் கூடிய காரியம் இது. ஒரு குத்தகைப் பத்திரத்தில் போட்ட கையெழுத்து, இரண்டு தலைவர்கள் பேசி முடிக்க முடியாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. எந்த மத நிறுவனத்தைப் பற்றியும் எனக்கு முதலில் எழும் கேள்வி, அதன் கையில் என்ன இருக்கிறது, அதை வைத்து என்ன செய்கிறது என்பதுதான்.

சிலரிடம் நிலம் இருக்காது, சொல் இருக்கும். பாக்தாதில் பிறந்த ரப்பி ஓவதியா யோசெஃப் 1970-களில் இஸ்ரேலில் செஃபார்டியர்களுக்கு, அதாவது ஸ்பெயினிலிருந்தும் கீழைநாடுகளிலிருந்தும் வந்த யூதர்களுக்கு, தலைமை ரப்பியாக இருந்தவர். எகிப்தோடு சமாதானம் பேசப்பட்ட காலத்தில், உயிர்கள் காக்கப்படும் என்றால் நிலத்தை விட்டுக்கொடுக்க யூத மதச்சட்டம் இடம் தருகிறது என்று தீர்ப்புச் சொன்னார். உயிர் காப்பது ஏறக்குறைய எல்லாக் கட்டளைகளையும் விட மேலானது என்ற பழைய நெறிதான் ஆதாரம். அவர் சொன்னால் கேட்க லட்சக்கணக்கான பேர் இருந்தார்கள். 1993-இல் பாலஸ்தீனர்களோடு செய்துகொண்ட ஓஸ்லோ ஒப்பந்தம் இஸ்ரேல் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, அவரைத் தலைவராகக் கொண்ட ஷாஸ் கட்சி எதிர்த்து ஓட்டுப் போடாமல் விலகி நின்றது. அவரைப் பெரிய சமாதானத் தூதராக நான் காட்டவில்லை. அரபுகளைப் பற்றி மிகக் கொடுமையாகவும் பேசியிருக்கிறார், தன் தீர்ப்பு ஓஸ்லோவுக்குப் பொருந்தாது என்று பின்னாளில் எழுதவும் செய்தார். 1995 ஜூலையில் வேறு சில ரப்பிகள், ராணுவ முகாம்களை மேற்குக் கரை மண்ணிலிருந்து காலி செய்வது மதச்சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புக் கொடுத்தார்கள். அந்த நவம்பர் 4-ஆம் தேதி, ஓஸ்லோவில் ஒப்பந்தம் செய்த இஸ்ரேல் பிரதமர் ராபினைச் சுட்டுக் கொன்ற இளைஞனும் மதச்சட்டத்தைத்தான் காரணம் காட்டினான். உயிரைக் காக்க நிலத்தைக் கொடு என்று சொல்ல ஆள் இல்லாத இடத்தில், நிலத்துக்காக உயிரை எடு என்ற குரல் மட்டும் தனியாகக் கேட்கும். மத நிறுவனங்கள் பேசாமல் இருக்கட்டும் என்று என்னால் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

இன்னும் சிலரிடம் பணம். அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் திருச்சபை இதில் பத்து வருஷம் தன்னோடு தானே போராடியது. 2004 பொதுச்சபையில், இஸ்ரேலின் ஆக்கிரமிப்பால் லாபம் பெறும் நிறுவனங்களிலிருந்து படிப்படியாகத் தன் முதலீட்டை எடுப்பது என்று தீர்மானித்தார்கள். இரண்டு வருஷத்தில் அதையே தளர்த்தினார்கள். 2012-இல் அந்த யோசனை 333-க்கு 331 என்று தோற்றது. 2014-இல் டெட்ராய்ட்டில் 310-க்கு 303 என்று ஜெயித்தது. பாலஸ்தீனர் வீடுகளை இடிக்கிற புல்டோசர்களுக்காக கேட்டர்பில்லர், அதோடு ஹெச்.பி., மோட்டோரோலா சொல்யூஷன்ஸ் என மூன்று நிறுவனங்கள். விஷயம் சுமார் 2 கோடி டாலர். அந்த நிறுவனங்களுக்கு அது ஒரு தொகையே இல்லை. அதே தீர்மானத்தில் இஸ்ரேலின் இருப்புரிமையையும் உறுதி செய்திருந்தார்கள்.

அப்படியும் பல ரப்பிகள் மனம் நொந்தார்கள். அந்த நோவை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் யூதர்களை ஒதுக்கியதும் துரத்தியதும் சிலுவையின் பெயரால் நடந்தவை. ஒரு திருச்சபை "விலகுகிறோம்" என்று சொல்லும்போது ஒரு யூதர் காதில் அது வேறு மாதிரி விழும். அதே டெட்ராய்ட்டில் தீர்மானத்தை ஆதரித்து நின்ற யூதர்களும் உண்டு. எனக்குப் பிடித்தது அந்த 310-303தான். ஒரு சபை தன் சொந்தப் பணம் எங்கே போகிறது என்று நடு மண்டபத்தில் வைத்துச் சண்டை போட்டது. பக்கத்து வீட்டுக்காரனுக்குப் புத்தி சொல்வதை விட அது எவ்வளவோ மேல்.

மற்றவர்களுக்குச் சொல்லும் அறிக்கைகளுக்குக் குறைவே இல்லை. 2002 ஜனவரியில் அலெக்சாண்ட்ரியாவில் ரப்பிகளும் ஷேக்குகளும் ஆயர்களும் கூடி, கடவுளின் பெயரால் அப்பாவிகளைக் கொல்வது அவர் பெயரையே களங்கப்படுத்துவது என்று கையெழுத்திட்டார்கள். உண்மையான வார்த்தைகள். இரண்டே மாதத்தில் இஸ்ரேலின் நெதன்யா நகரில் பஸ்கா விருந்தில் குண்டு வெடித்து 30 பேர் செத்தார்கள்; ஏப்ரலில் பெத்லகேமின் பிறப்புத் தேவாலயமே ராணுவ முற்றுகையில் இருந்தது. கையெழுத்திட்டவர்கள் மேல் குறை சொல்லவில்லை. துப்பாக்கி வைத்திருந்த யாரும் அந்த அறையில் இல்லை.

அப்புறம், ஜெபம். போப் பிரான்சிஸ் 2014 ஜூனில் இஸ்ரேல் அதிபர் பெரஸையும் பாலஸ்தீன அதிபர் அப்பாஸையும் வாடிகன் தோட்டத்தில் ஜெபிக்க அழைத்தார். அடுத்த மாதமே காசாவில் போர். ஆனால் அந்த ஜெபத்துக்கு இரண்டு வாரம் முன்பு பெத்லகேமில், நிகழ்ச்சி நிரலில் இல்லாமல் வண்டியை நிறுத்தச் சொல்லி, இஸ்ரேல் கட்டிய பிரிவினைச் சுவரில் நெற்றியை வைத்து நின்றார். 2023 அக்டோபருக்குப் பிறகு காசாவின் திருக்குடும்பத் தேவாலயத்துக்கு ஏறக்குறைய தினமும் மாலையில் போன் செய்தார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பாராம். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களிலும் முடிந்தபோதெல்லாம் கூப்பிட்டார். அவர் போய்ச் சேர்ந்த மூன்றாவது மாதம், 2025 ஜூலையில், அந்தத் தேவாலயத்தின் மேலும் குண்டு விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். போரை அந்த போன் நிறுத்தவில்லை. உள்ளே தஞ்சம் புகுந்திருந்தவர்களுக்கு, தங்களைப் பெயர் சொல்லி விசாரிக்க ஒரு ஆள் இருந்தார்.

உங்கள் சபை விஷயத்துக்கு வருகிறேன். தமிழக அரசு மானியத்திலும் சொந்தக் காசிலும் நம் ஊரிலிருந்து எத்தனையோ பேர் புனித நாட்டுப் பயணம் போகிறார்கள். பெரும்பாலான பயணங்களில் பெத்லகேமுக்கு அரை நாள்தான். சோதனைச்சாவடி தாண்டி உள்ளே போய், பிறப்புத் தேவாலயத்தில் ஜெபித்து, ஒலிவ மரச் சிலுவை வாங்கிக்கொண்டு, சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை உங்கள் சபை பயணம் ஏற்பாடு செய்யும்போது, ஒரு இரவு பெத்லகேமிலேயே தங்கலாமா, அங்குள்ள கிறிஸ்தவர்களோடு ஞாயிறு ஆராதனையில் உட்காரலாமா, திரும்பும் வழியில் எருசலேமில் ஒரு யூதக் குடும்பத்தோடும் அரைமணி பேசலாமா என்று கேளுங்கள். ஜெபக்குறிப்பில் ஒரு வரி சேர்க்க மறுத்தவர்கள், பயணத்திட்டத்தில் ஒரு இரவு சேர்க்க ஒருவேளை சம்மதிப்பார்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.