வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி போட்டால் 8 ஜிபி விராம் போதுமா?

பாளையங்கோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கையில் இருப்பது பி450 மதர்போர்டு, 8 ஜிபி விராம் (கிராஃபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம்) உள்ள ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு, பழைய சாட்டா இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி. நொடிக்கு 7000 எம்பி படிக்கும் என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி) போட்டால் டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) தேவைப்படும்போது வந்துவிடும், விராம் பற்றாக்குறையே இருக்காது என்று கடையில் சொன்னார்களாம். அதில் பாதிதான் சரி. உங்கள் போர்டுக்கு அந்தப் பாதியும் முழுதாகக் கிடைக்காது.

திருநெல்வேலி நயினார்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நீர் தரும் நெல்லைக் கால்வாயில் தண்ணீர் என்று வரும் என்று தெரியாவிட்டால், வந்தபோதே குளத்தை நிரப்பி வைக்க வேண்டும். ஹார்டு டிஸ்க் காலத்து விளையாட்டுகள் அப்படித்தான் ஓடின. டிஸ்க்கின் முள் ஓரிடம் விட்டு ஓரிடம் போக 10 மில்லிநொடி ஆகும். அதனால் அடுத்த தெருவின் டெக்ஸ்சர்களும் முன்கூட்டியே விராமில் உட்கார்ந்திருக்கும். வேகமான எஸ்எஸ்டி குறைப்பது இந்த முன்னிருப்பை மட்டும்தான்.

கன்சோல்களைப் பார்த்தால் இது விளங்கும். பிளேஸ்டேஷன் 3-லிருந்து 4-க்குப் போனபோது நினைவகம் 512 எம்பியிலிருந்து 8 ஜிபி ஆனது, 16 மடங்கு. 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் 16 ஜிபி, வெறும் இரண்டு மடங்கு. மீதியைச் சமாளிக்கத்தான் நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும் எஸ்எஸ்டியையும், சுருக்கத்தை விரிக்கத் தனிச் சில்லையும் வைத்தார்கள்.

இனி உங்கள் கணக்கு. 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிநொடி. அந்த நேரத்தில் 7000 எம்பி எஸ்எஸ்டி கொண்டுவருவது சுமார் 117 எம்பி, உங்கள் சாட்டா 9 எம்பி. பிசி7 என்ற டெக்ஸ்சர் சுருக்க முறையில் சுருக்கிய ஒரே ஒரு 4096×4096 டெக்ஸ்சர், மிப்மேப்களோடு (அதன் படிப்படியாகச் சிறிதான நகல்கள்) 21 எம்பி. அதே 16.7 மில்லிநொடியில் 4060-இன் விராம் 4.5 ஜிபி வரை படித்துக் கொடுக்கும். இந்த ஃபிரேமுக்கு வேண்டியது எதுவோ அது விராமில்தான் இருக்க வேண்டும். ரெண்டர் டார்கெட்கள் (படம் வரையப்படும் இடைக்காலப் பரப்புகள்), ரே டிரேசிங்கில் ஒளிக்கதிர் எதில் படும் என்று தேட உதவும் பிவிஎச் அடுக்கு, இடையில் செயற்கை ஃபிரேம்களைச் சேர்க்கும் ஃபிரேம் ஜெனரேஷனுக்கான இடம், இவற்றில் எதையும் எஸ்எஸ்டியிலிருந்து இழுத்துக்கொள்ள முடியாது. டைரக்ட்ஸ்டோரேஜ் (விளையாட்டுத் தரவை எஸ்எஸ்டியிலிருந்து வேகமாக ஏற்றும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) 1.1-இல் வந்த வசதி, சுருக்கிய தரவை கிராஃபிக்ஸ் சில்லான ஜிபியுவிலேயே விரிப்பது; அதுவும் சும்மா வராது. சுருக்கிய தரவை இறக்கிவைக்க விராமிலேயே கொஞ்சம் இடம் வேண்டும், ஜிபியுவின் நேரமும் போகும்.

விராமை உண்மையாகவே மிச்சப்படுத்தக்கூடியது சாம்ப்ளர் ஃபீட்பேக் என்ற வசதி. டெக்ஸ்சரின் எந்தத் துண்டு திரையில் பட்டது என்று கார்டே சொல்லும், அந்த 64 கேபி துண்டை மட்டும் ஏற்றலாம். ஆர்டிஎக்ஸ் 20 வரிசை முதல் கார்டுகளில் இந்த வசதி உண்டு. கணினி விளையாட்டுகள் அதைப் பயன்படுத்துவதுதான் இன்னும் அரிது. அது பரவலாகும் என்று நம்பி இன்றைக்கு 8 ஜிபி கார்டு வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பி450-இல் என்விஎம்இ மாட்டும் முதன்மை எம்.2 ஸ்லாட், பிசிஐஇ என்ற தரவுப் பாதையின் பழைய 3.0 தலைமுறைதான். 7000 டிரைவும் அதில் 3500-ஐத் தாண்டாது, ஆகவே 3500 டிரைவே வாங்குங்கள். இரண்டாவது ஸ்லாட் பல போர்டுகளில் இன்னும் மெதுவானது, சில சாட்டா போர்ட்டுகளையும் அணைத்துவிடும். கையேட்டைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். 4060-க்கு அந்தப் பிசிஐஇ பாதையில் 8 லேன் (தடம்) மட்டுமே, பிசிஐஇ 3.0-இல் அது நொடிக்கு 8 ஜிபிக்குள் நிற்கும். விராம் நிரம்பி சிஸ்டம் ரேமுக்கு வழிந்தால் இந்த ஒடுக்கத்தில்தான் ஃபிரேம் திக்கும்.

எது குறை என்று சோதித்துவிட்டே செலவு செய்யுங்கள். விளையாடும்போது டாஸ்க் மேனேஜரில் ‘ஷேர்டு ஜிபியு மெமரி’ ஒரு ஜிபியைத் தாண்டி ஏறிக்கொண்டே போய், நின்ற இடத்திலும் திக்கினால் விராம் போதவில்லை. புது இடத்துக்குள் ஓடும்போது மட்டும் டெக்ஸ்சர் மங்கலாக வந்து பிறகு தெளிந்து, டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் குற்றம் சாட்டாவுடையது, என்விஎம்இ அதைத் தீர்க்கும்.

விராம்தான் குறை என்றால் முதலில் டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்குங்கள். மிப்மேப்பில் மிகப் பெரிய நகல் ஒன்று போனால் 21 எம்பி 5 எம்பியாகிவிடும், 1080பி திரையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அக்னி நட்சத்திர வெயிலில் ஏசி இல்லாத அறை என்றால் எஸ்எஸ்டிக்கு ஒரு ஹீட்சிங்க்கும் சேர்த்து வாங்குங்கள். சூடு ஏறினால் டிரைவ் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.